ஒரே அறை, ஒரே டேக்: மூத்த ராக் அண்ட் ரோல்காரரோடு ஆல்பம் பண்ண ஸ்கார்லெட் 18ஐ20 தாங்குமா?

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீட்டிலேயே பாட்டு பதிவு செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில்தான் (மைக், கிட்டார் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) தொடங்குகிறார்கள். முதலில் கிளிக் (தாளக் கணக்குக்கான டிக் டிக் சத்தம்), அதன்மேல் டிரம்ஸ், அப்புறம் பாஸ், கிட்டார், கடைசியில் குரல் என்று ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். தனியாக வேலை பார்ப்பவருக்கு அது போதும். அறுபதைத் தாண்டிய, வாழ்நாளெல்லாம் மேடையில் ராக் அண்ட் ரோல் வாசித்த ஒருவர் இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகளோடு ஆல்பம் பண்ண வந்தால், அந்த அடுக்குமுறை முதல் நாளே காலை வாரிவிடும். டிரம்மரின் தோள் அசைவதைப் பார்த்து வரியை எடுப்பவர் அவர். பாட்டின் நடுவில் ஒரு பார்வையில் பியானோவுக்கு வழி விடுவார். யாரோ போன வாரம் வாசித்து வைத்த டிராக்கின் மேல் பாடச் சொன்னால் குரல் வரும், பாட்டு வராது.

அதனால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, மூன்றாம் தலைமுறைப் பெட்டியை இங்கே ஒரே ஒரு வேலைக்கு எடைபோடுகிறோம்: ஐந்து பேர் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிப்பதைத் தனித்தனி டிராக்காகப் பிடிப்பது. பாட்காஸ்ட், கேம் ஸ்ட்ரீமிங் பற்றி இதில் எதுவும் இல்லை.

18, 20 என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். மைக் செருகும் இடம் எட்டுதான். மீதிப் பத்தில் எட்டு ஏடாட் ஆப்டிகல் வழியாகவும், இரண்டு எஸ்பிடிஃப் வழியாகவும் வருபவை; இரண்டுமே வேறு பெட்டியிலிருந்து டிஜிட்டலாகச் சத்தம் வரும் வழிகள். வெளியே போகும் இருபதிலும் அனலாக் பத்துதான். முதல் இரண்டு இன்புட் முன்பக்கம், மற்ற ஆறும் பின்பக்கம். கிட்டாரையோ பாஸையோ நேரடியாகச் செருகும் இன்ஸ்ட் வசதி முன்பக்கத்து இரண்டில் மட்டும் உண்டு. மின்சாரம் உள்ளேயே மாற்றப்படுவதால் சாதாரண கம்ப்யூட்டர் பவர் கார்டு போதும். அடாப்டர் தொலைந்தால் அலைய வேண்டியதில்லை, இது பெரிய நிம்மதி.

எட்டு இன்புட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இசையிலேயே காரணம் இருக்கிறது. 1950களின் ராக் அண்ட் ரோலில் டிரம்ஸ் பல சமயம் ஜாஸ் ஆட்டத்தோடு ஷஃபிளில் (நெடில் குறிலாக மாறி மாறி விழும் அடியில்) ஓடும். அதன்மேல் கிட்டார் எட்டு அடியையும் சரிசமமாக வெட்டிக்கொண்டு போகும். இரண்டும் முழுசாகப் பொருந்தாமல் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் காலைத் தட்டவைக்கும் அந்தத் துள்ளல் பிறக்கிறது. கிளிக்கோடு வளர்ந்த டிரம்மர் கணக்குப் பிசகாமல் நேராக அடிப்பார். தப்பே இருக்காது, துள்ளலும் இருக்காது. "அண்ணா, கிளிக் போட்டுக்கலாங்களா?" என்று பையன் கேட்டால் பெரியவர் "வேண்டாங் கண்ணு, என் காலப் பாரு" என்றுதான் சொல்வார். அந்தக் காலைப் பார்க்க வேண்டுமென்றால் இருவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். 1954இல் மெம்ஃபிஸில் சன் ரெக்கார்டு கம்பெனியின் சாம் பிலிப்ஸ், எல்விஸ் பிரெஸ்லியின் முதல் சிங்கிளைப் பதிவு செய்ததும் இப்படித்தான்: எல்விஸ், கிட்டாரில் ஸ்காட்டி மூர், டபுள் பாஸில் பில் பிளாக், ஒரே அறை. டிரம்ஸ்கூடக் கிடையாது. மூத்தவரும் இளையவரும் சேர்வதும் புதுசில்லை. 2011 ஜனவரியில் மூத்த ராக் அண்ட் ரோல் பாடகி வாண்டா ஜாக்சனின் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 73. அதைத் தயாரித்துக் கிட்டாரும் வாசித்த ஜாக் வைட்டுக்கு 35. 2017இல் சக் பெர்ரி இறந்த சில மாதங்களில் வந்த அவருடைய கடைசி ஆல்பத்தில் மகன் கிட்டாரும் மகள் ஹார்மோனிகாவும் வாசித்திருந்தார்கள்.

எட்டு வாயையும் எப்படிப் பங்கிடுவது? இந்த வேலைக்குச் சரியாக வரும் வரிசை இது. 1இல் பாஸ், நேரடியாக, இன்ஸ்ட் அமுக்கி. 2இல் மூத்தவரின் குரல். 3இல் அவருடைய கிட்டார் ஆம்ப், 4இல் இளையவரின் கிட்டார் ஆம்ப். இரண்டுக்கும் ஷூர் எஸ்எம்57 மைக். 5இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 6இல் ஸ்னேர், 7இல் டிரம்ஸுக்கு மேலே ஒரே ஒரு கண்டென்சர் மைக். 8இல் பியானோ சத்தம் தரும் கீபோர்டு, மோனோவில். டிரம்ஸுக்கு மூன்று மைக் போதுமா என்று இளைஞர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். இந்த இசைக்குப் போதும். மேல் மைக்கை ஸ்னேருக்கு மேலே சுமார் மூன்றரை அடியில், டிரம்மரின் வலது தோள் பக்கமாக நிறுத்துங்கள். கிக், ஸ்னேர், மேல் மைக் மூன்றையும் ஒன்றாகக் கேட்டபடி, சாஃப்ட்வேரில் ஒவ்வொன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் அடிச்சத்தம் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. இந்தச் சோதனையை விட்டுவிட்டு, மிக்ஸிங்கில் ஈக்யூவை ஏற்றி ஏற்றிக் கிக்கைத் தேடுகிறவர்கள் நிறைய.

இந்த வரிசைக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இந்தப் பெட்டியில் ஒவ்வொரு சேனலுக்கும் தனியாகக் கிடையாது. 1 முதல் 4 வரை ஒரு பொத்தான், 5 முதல் 8 வரை இன்னொன்று. கண்டென்சரை 7இல் வைத்தால் பின் நான்குக்கு மட்டும் போட்டால் போதும். கிக், ஸ்னேரில் இருக்கும் டைனமிக் மைக்குகளுக்கு, கேபிள் ஒழுங்காக இருந்தால், 48 வோல்ட்டால் கெடுதல் இல்லை. ஜாக்கில் செருகிய கீபோர்டுக்கு அந்த மின்சாரம் போகவே போகாது. உள்ளே மெல்லிய உலோக நாடா உள்ள பழைய ரிப்பன் மைக் யாராவது கொண்டுவந்தால் மட்டும் அதை முன் நான்கில் வையுங்கள், அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். உள்ளே ஷார்ட் ஆன ஒரு கேபிள் போதும், ரிப்பன் போய்விடும்.

குரலுக்கு எந்த மைக் என்பதில் இந்தப் பெட்டியின் முக்கியமான குறை வெளிப்படுகிறது. இதன் கெயின், அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு, 56 டெசிபல். குறைந்த கெயினில் +9 டிபியூ (சிக்னல் பலத்தின் அலகு) வரை தாங்கும். முழுசாக ஏற்றினால் -47 டிபியூ சிக்னல் வந்தால்தான் மீட்டர் உச்சியைத் தொடும். டிரம்ஸுக்கும் ஆம்புக்கும் இது தாராளம். இன்று எல்லோரும் ஆசைப்படும் எஸ்எம்7பி மைக்கோ ரொம்ப மெலிந்த சிக்னல் தரும். வயதான குரல் மெதுவான வரியில் இறங்கும்போது, கெயினை முழுசாகத் திருகியும் மீட்டர் -20க்குக் கீழேயே கிடக்கும். சிக்னலைத் தூக்கும் பூஸ்டர் போட்டால் அதற்கு 48 வோல்ட் வேண்டும், அப்போது முன் நான்குக்கும் பவர் போட வேண்டிவரும். இந்தச் சுற்று வேண்டாம். சாதாரண எஸ்எம்58 நாலு டெசிபலுக்கு மேல் கூடுதலாகத் தரும், மேடையில் ஆயுசு முழுக்கப் பிடித்த மைக் என்பதால் பெரியவரின் கைக்கும் உதட்டுக்கும் அந்தத் தூரம் பழக்கம். நான்கு விரல் அகலம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பல்செட் வைத்திருப்பவர் என்றால் 'ஸ', 'ஷ' வரும் இடத்தில் சீட்டியடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மோவாய் மட்டத்துக்கு இறக்கி, மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்த்தால் பாதி சரியாகிவிடும். பெட்டியிலுள்ள ஏர் பொத்தான் மேல்சத்தத்தைத் தூக்கிக் காட்டும்; குரலிலும் டிரம்ஸ் மேல் மைக்கிலும் அதை அணைத்தே வையுங்கள். பாஸுக்குப் போட்டால் விரல் தட்டும் சத்தம் தெளிவாக வரும், அங்கே நன்றாக இருக்கிறது.

கிட்டார் ஆம்ப் விஷயத்தில் அரை இஞ்ச்கூடப் பெரிய வித்தியாசம். எஸ்எம்57இன் மூக்கைத் துணிக்கு ஒரு இஞ்ச் தள்ளி, ஸ்பீக்கர் நடுவிலுள்ள மூடியின் விளிம்புக்கு நேராக வைத்துத் தொடங்குங்கள். ஒருவர் ஒரே கார்டு (சுரக்கூட்டு) பிடித்து அடித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஹெட்ஃபோனோடு மைக்கை நகர்த்த வேண்டும். நடுவுக்குப் போகப் போகத் தகரத்தைக் கீறுவது மாதிரி கூசும். ஓரத்துக்குப் போனால் கம்பளி போர்த்திய மாதிரி மங்கும். இரண்டுக்கும் நடுவில் நகத்தின் அகலத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. அங்கே கம்பியும் கேட்கும், மரமும் கேட்கும். கிடைத்ததும் தரையில் டேப் ஒட்டி ஸ்டாண்டின் மூன்று காலையும் குறித்துவிடுங்கள். 5 முதல் 15 வாட் ட்யூப் ஆம்ப் இந்த அறைகளுக்குப் போதும். மூத்தவர் ஐம்பது வாட் ஆம்பில்தான் வருவேன் என்றால், அதை டிரம்ஸுக்கு முதுகு காட்டித் திருப்பி வையுங்கள்.

அளவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். பெட்டி 192 வரை போகும், ஆனால் 96க்குப் போனாலே ஒரு ஏடாட் கேபிளில் வரும் எட்டு வழி நான்காகக் குறையும். 48இல் எட்டு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 69 எம்பி பிடிக்கும். நாலு நிமிடப் பாட்டு, நாலு டேக், எட்டுப் பாட்டு என்றால் மொத்தம் 9 ஜிபிக்குள்தான். மீட்டரில் உச்சம் -12ஐத் தாண்டாமல் கெயினை வையுங்கள். சோதனையில் அடிப்பதைவிட டேக்கில் டிரம்மர் எப்போதும் பலமாகத்தான் அடிப்பார். ஏடாட்டில் வெளிப் பெட்டி சேர்த்திருந்தால் கிளாக் (இரண்டு பெட்டியும் ஒத்து ஓடும் கடிகாரம்) எது, யாருக்கு யார் தலைவன் என்று சரியாகக் குறியுங்கள். குறிக்காவிட்டால் டேக் முழுக்க டிக் டிக் என்று சொடுக்கும், அது பிற்பாடு போகவே போகாது.

இனி ஹெட்ஃபோன். பெட்டியில் இரண்டு ஜாக்தான். அவையும் 7-8, 9-10 வெளியீடுகளோடு பொதுவானவை. ஐந்து பேருக்கு இது பத்தாது. 3-4 லைன் வெளியீட்டிலிருந்து தனி ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். பட்ஜெட் போடும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். மூத்தவருக்கு ஹெட்ஃபோனே பிடிக்காமலும் போகலாம். அப்போது சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றை 58க்கு நேர் பின்னால் வையுங்கள், அந்த மைக் பின்பக்கத்தில்தான் காது கேளாதது. பீட்டா58 என்றால் நேர் பின்னால் கேட்கும்; ஸ்பீக்கரைப் பக்கவாட்டாக, சுமார் 125 டிகிரியில் நகர்த்த வேண்டும். முன்பக்கம் உள்ள டாக்பேக் மைக் மிகவும் உபயோகமானது. வருஷக்கணக்காக ஆம்புக்கு முன்னால் நின்ற காது மேல்சத்தத்தை இழந்திருக்கும். அறைக்கு வெளியிலிருந்து கத்திக்கொண்டிராமல், பொத்தானை அமுக்கி மரியாதையாகப் பேசலாம்.

நேரடி மானிட்டரிங் வசதிதான் இந்தப் பெட்டியின் உயிர். ஃபோகஸ்ரைட் கண்ட்ரோல் என்ற சாஃப்ட்வேரில் ஒவ்வொருவருக்கும் தனி மிக்ஸ் போடலாம். சத்தம் லேப்டாப்புக்குப் போய்த் திரும்பாது, தாமதம் தெரியாது. ஒரு குறை: இதில் எக்கோ கிடையாது. ராக் அண்ட் ரோல் பாடுகிறவருக்கு ஸ்லாப்பேக் எக்கோ இல்லாமல் பாடவே வராது. சாம் பிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மெஷின் வைத்து அதைச் செய்தார். ஒரே ஒரு திரும்பல், சுமார் 120 முதல் 140 மில்லிசெகண்டுக்குள். அதற்கு வழி இருக்கிறது. குரலை நேரடியாக, எக்கோ இல்லாமல் மிக்ஸரிலிருந்து கொடுங்கள். லேப்டாப்பில் அதே குரல் டிராக்கில் டிலே போட்டு, வெட் 100 சதவீதம், ஃபீட்பேக் பூஜ்யம் வைத்து, திரும்பல் மட்டும் அவர் காதுக்குப் போகட்டும். லேப்டாப்பின் தாமதம் இங்கே கெடுதலே இல்லை, எக்கோவும் தாமதம்தானே! சாஃப்ட்வேரின் பஃபர் அளவை 256இல் வைத்தால் சத்தம் போய்வரச் சுமார் 12 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால், 128 வேண்டிய இடத்தில் 116 போட்டால் கணக்கு சரி. எக்கோ காதில் விழுந்ததும் அவர் வரியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் சுருக்கென்று வெட்டுவார், அடுத்த வரிக்கு இடம் கிடைக்கும். பாட்டின் நடையே மாறும்.

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையும் கரண்டும் கைவிட்டால் வேலைக்காகாது. பல்லடம், சோமனூர் பக்கம் என்றால் விசைத்தறிச் சத்தம் சுவர் வழியாக மட்டுமல்ல, தரை வழியாகவும் வரும். தறி நிற்கும் நேரத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டுவைத்துக்கொண்டு டேக் எடுங்கள். கிக் மைக் ஸ்டாண்டுக்கும் ஆம்புகளுக்கும் அடியில் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள், அதன் கனத்துக்கு ஈடு வேறில்லை. சுவருக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் அருமையான சரக்கு. 4க்கு 2 அடி, நாலு இஞ்ச் ஆழச் சட்டத்தில் சுமார் 4 கிலோ நிரப்பித் துணி அடித்து, சுவரிலிருந்து நாலு இஞ்ச் தள்ளி நிறுத்துங்கள். அமுக்கி அடைத்தால் சத்தத்தைக் குடிக்காமல் திருப்பி அடிக்கும். பஞ்சு தீப்பிடிக்கும் பொருள், சூடாகும் ட்யூப் ஆம்புக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படபடவென்று அடிக்கும், ஓட்டு வீடே மேல். மயில் அகவல் நேராகக் குரல் மைக்கில்தான் விழும், அதற்கு விடியற்காலையையும் சாயங்காலத்தையும் தவிர்ப்பதுதான் மருந்து.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் துணைமின் நிலையத்தில் என்று முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும்; பார்த்து நாள் குறியுங்கள். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். ஆம்பை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் இன்வெர்ட்டராகவே இருக்கட்டும்; ஸ்கொயர் வேவில் கிட்டார் வண்டு மாதிரி இரையும். எல்லா ஆம்பும் பெட்டியும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து ஒரே போர்டில் எடுங்கள். இரையுது என்று எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்: ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக், நடுவில் அறுபத்தைந்து வயது இதயம். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் குழி காய்ந்து கிடப்பது இங்கே சகஜம்.

வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவரின் குரல் பழைய சுருதிக்கு எட்டாது. எல்லாக் கிட்டாரையும் அரைப்படி இறக்கினால் கம்பியின் இழுவிசை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தொளதொளக்கும். 10 அளவுக் கம்பி போட்டவர்கள் கொஞ்சம் தடிமனான 11க்கு மாறுங்கள். கீபோர்டுக்காரருக்கு டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது, பிரச்சினையில்லை. டிரம்மர் மெல்லிய 7ஏ குச்சி எடுத்து, ஸ்னேர் மேல் பாதி மறைய ஈரிழைத் துண்டு ஒன்றைப் போட்டால் டிரம்ஸ் சத்தம் குரல் மைக்கில் ஒழுகுவது குறையும். ஒரு பாட்டுக்கு நாலு டேக்குக்கு மேல் அவரைப் பாடவைக்காதீர்கள். இரண்டாவது டேக்கில் கிடைப்பது ஆறாவதில் கிடைக்காது. அதற்குள் உங்கள் பகுதி கையில் ஏறியிருக்க வேண்டும், ஒத்திகை முந்தின வாரமே முடிந்திருக்க வேண்டும்.

நான்காம் தலைமுறை 18ஐ20 2024இல் வந்துவிட்டது. கெயின் 69 டெசிபல். மேலே சொன்ன குரல் மைக் பிரச்சினை அதில் இல்லை. கெயினைத் தானே வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. புதுசாக வாங்கப் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். கையிருப்பு குறைவாக இருந்து, குரலுக்கு 58 போதும் என்றால், மூன்றாம் தலைமுறையைப் பழசாக வாங்குவதில் தப்பில்லை. இரண்டு இன்புட் பெட்டியை இந்த வேலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.

பழசு வாங்கும்போது கடையிலோ விற்பவர் வீட்டிலோ சோதித்துப் பார்க்க அரை மணி நேரம் கேளுங்கள். ஒரு 58, ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், ஒரு மல்டிமீட்டர் போதும். எட்டு வாயிலும் அதே மைக்கை மாற்றி மாற்றிச் செருகி, கெயினை மெதுவாக முழுசும் திருகுங்கள். கரகரவென்றால் அந்தத் திருகின் உள்ளிருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. 48 வோல்ட் பொத்தான் இரண்டையும் போட்டு, கேபிள் முனையில் 1ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும், பிறகு 1க்கும் 3க்கும் அளந்து பாருங்கள். இரண்டும் 44க்கும் 52க்கும் நடுவில், ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். யுஎஸ்பி வாயில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள், தொடர்பு விட்டுப்போனால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.